மூன்றாவது மாத்திரை

அருள்ஜோசப்புக்கு அது முதன்முதலில் வந்தது சலூன் நாற்காலியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து, மூக்கண்டப்பள்ளியில் வழக்கமாகப் போகும் கடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முடி வெட்டியாகிவிட்டது. திடீரென்று கழுத்தில் கட்டியிருந்த துணி இறுகுவது போல இருந்தது. துணி இறுகவில்லை, கடைக்காரரின் கை அந்தப் பக்கமே இல்லை. ஆனாலும் மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் உதடு வெளுத்திருந்தது. நம்ம கதை இந்த நாற்காலியிலேயே முடியுது என்று நினைத்தார். துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

“அண்ணா, இன்னொரு பக்கம் பாக்கி இருக்குதுண்ணா!” என்று கடைக்காரர் பின்னாலேயே வந்து கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மிஞ்சியது வெட்கம்தான். அந்தக் கடைக்குத் திரும்பிப் போக மனமில்லை. வழியில் ஒரு ட்ரிம்மர் வாங்கிக்கொண்டு போய் அறையில் தானே மொட்டை அடித்துக்கொண்டார். கம்பெனியில் கேட்டவர்களிடம் வேளாங்கண்ணி வேண்டுதல் என்று சொன்னார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. ஊர் பர்கூர். அப்பா கிரானைட் குவாரியில் கல் உடைத்தவர். அருள்ஜோசப் ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் சேர்ந்து, கிரேன் ஆபரேட்டர் ஆனார். அப்பாவின் நுரையீரல் வைத்தியம், தங்கை ஜாஸ்லினின் கல்யாணம், அவளுக்குப் பிரசவம் என்று வருடங்கள் ஓடின. தன் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுப்பார்கள் என்று இருந்தார். எடுக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

கிரேன் வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கூரைக்குக் கீழே, கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதில் தொங்கும் கண்ணாடி அறைதான் கேபின். ஏணியில் ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஷிஃப்ட் முடியும் வரை யாரோடும் பேச வேண்டியதில்லை. உருக்கிய இரும்பு நிறைந்த லேடிலை, அந்தப் பெரிய கொப்பரையை, உலையிலிருந்து தூக்கி அச்சுகளுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர் திம்மராயன். பேரிகைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அருள்ஜோசப்பைவிட ஐந்தாறு வயது இளையவர். கை மேலே போனால் தூக்கு, விரல் மட்டும் அசைந்தால் மெதுவாக, விரல்கள் முட்டியாக மடங்கினால் நிறுத்து. இப்படியே பல வருடம் ஓடிவிட்டது. கேன்டீனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அருள்ஜோசப்புக்கு நண்பர் என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார்.

சலூனுக்குப் பிறகு பஸ்ஸில் ஒரு தடவை வந்தது. பிறகு பூசையில், எல்லோரும் முழங்காலில் இருந்தபோது. மாரடைப்புதான் என்று முடிவு கட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது.

“ஒண்ணும் இல்லைங்க. கேஸ் ட்ரபிளா இருக்கும்” என்றார் முதல் டாக்டர். வெறும் வயிற்றில் போடும் மாத்திரை எழுதித் தந்தார்.

“ஒண்ணும் இல்லைங்க. தூக்கம் பத்தலை” என்றார் இரண்டாவது டாக்டர்.

ஒன்றும் இல்லை என்று கேட்கும்போது சந்தோஷப்பட வேண்டும். அருள்ஜோசப்புக்கு அழுகைதான் வந்தது. ஒன்றும் இல்லாததற்கு எப்படி வைத்தியம் பார்ப்பது? வலது கை இடது மணிக்கட்டில் நாடி பார்த்தபடியே இருந்தது. சோறு பிசையும்போது மட்டும்தான் அந்தக் கை மணிக்கட்டை விட்டது.

கிரேனில் மட்டும் அது வராமல் இருந்தது. அங்கேயும் வந்துவிடுமோ என்ற பயம் மெல்ல மெல்லப் பெருகி, ஒரு காலை ஷிஃப்டில் வந்தே விட்டது. லேடில் நிறைய உருகிய இரும்பு. கிரேன் நடுவழியில் இருந்தது. லீவரைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது. வேர்வை கண்ணில் இறங்கியது. கீழே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அசைத்தால் கொட்டிவிடும் என்று தோன்றியது. அசைக்காவிட்டாலும் அப்படியே தோன்றியது.

திம்மராயன் நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை. முதலில் கையை அகலமாக வீசி ஆட்களைத் தள்ளிப்போகச் சொன்னார். பிறகு மார்புக்கு நேரே முட்டியை மடக்கிப் பிடித்தார்: நிறுத்து. அப்படியே, கிரேன் நின்றபடியே, நின்றார். அருள்ஜோசப்பின் மூச்சு திரும்புகிறவரை அந்த முட்டி இறங்கவில்லை. அதன் பிறகு ஒரு விரலை மட்டும் அசைத்து அசைத்து லேடிலை இடத்துக்குக் கொண்டுவர வைத்தார்.

கீழே இறங்கியதும், “ஏமண்ணா, என்னாச்சு?” என்றார்.

“தல சுத்திருச்சுப்பா.”

“சாப்பிட்டியா நீ?”

“சாப்பிடல.” சாப்பிட்டிருந்தார்.

அந்த வாரம் அருள்ஜோசப் மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போனார். அவர் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இது உடம்புல இல்லைங்க. பதற்ற நோய்னு சொல்லுவோம். மனநல டாக்டரைப் பாருங்க. மாத்திரை இருக்குது, சரியாகும்” என்றார்.

ஓசூரில் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அந்த வரிசையில் கம்பெனி ஆள் ஒருவர் பார்த்துவிட்டால் போதும். வார விடுமுறையில் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போனார். ஜன்னலோர இடம் கிடைக்கும்வரை இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார். அங்கே ஒரு டாக்டரம்மா, ஐம்பது வயதிருக்கும், முழுக்கக் கேட்டார். “செத்துப்போயிருவோம்னு தோணுதா?” என்று அவராகவே கேட்டபோது, அருள்ஜோசப்புக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“கம்பெனியிலங்க.”

“மெஷின், வண்டி எதும் ஓட்டறதில்லையே?”

கிரேன் என்று சொன்னால் எழுதிக்கொள்வார். எழுதியது எப்படியோ கம்பெனிக்குப் போய்ச் சேரும். அப்படித்தான் அவர் நினைத்தார். “இல்லைங்க” என்றார்.

முதல் மாத்திரை வெள்ளை நிறம், காலையில் ஒன்று. “ரெண்டு மூணு வாரம் ஆகும் கேக்கறதுக்கு. முதல்ல கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க” என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். ஒரு மாதிரி என்றால் என்ன என்பது அருள்ஜோசப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. வயிற்றைப் புரட்டியது. பல் தானாகக் கிட்டியது. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். எதற்காக மாத்திரை போட்டாரோ அதுவே இரண்டு மடங்காக வந்தது. பத்து நாள் தள்ளினார். பிறகு அட்டையைக் குப்பையில் போட்டார். மறுநாள் காலையில் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். மறுபடியும் போட்டார். மறுபடியும் நிறுத்தினார்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். வேறொரு டாக்டர், முதலிலிருந்து சொல்லுங்க என்றார். சலூன், பஸ், பூசை என்று எல்லாவற்றையும் புதிதாகச் சொன்னார். சொல்லச் சொல்லத் தனக்கே அது யாரோ ஒருவருடைய கதை போல, கொஞ்சம் பொய் போலக் கூட இருந்தது. அவர் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது மாத்திரை, இரவில் போட வேண்டியது.

அது தூங்க வைத்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விடிந்த பிறகும் தூக்கம் முழுதாகக் கலையவில்லை. பகலெல்லாம் தலைக்குள் ஈரப் பஞ்சை வைத்து அடைத்தது போல இருந்தது. பசி மட்டும் பயங்கரமாக எடுத்தது. கேன்டீனில் மூன்றாம் முறை சோறு வாங்கினார். பயம் போய்விட்டதா என்றால், இருந்தது. பக்கத்து வீட்டில் ஓடும் டி.வி. மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது போதும் என்று நினைத்தார். அந்த மாத்திரையோடு கிரேன் ஏறினார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள், காலி அச்சுப் பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டி, கனமானது. திம்மராயன் முட்டியை மடக்கினார். அருள்ஜோசப் பார்த்தார். நிறுத்து என்பது தெரிந்தது. தெரிந்ததற்கும் கை அசைந்ததற்கும் நடுவில் ஏதோ ஒரு சின்ன இடைவெளி வந்துவிட்டது. திம்மராயன் பின்னால் துள்ளி விழுந்தார். பெட்டி அவருடைய கால் இருந்த இடத்தில் உட்கார்ந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திம்மராயன் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, மேலே பார்த்துச் சிரித்துக் கட்டை விரலைக் காட்டினார். அருள்ஜோசப்பால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே லீவு சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போனார். நல்லவேளை, டாக்டரம்மா இருந்தார்.

“நான் கிரேன் ஓட்டறேங்க மேடம். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று அருள்ஜோசப் எதிர்பார்த்தார்.

“கிரேன்னா ரோட்டுல போறதா?”

“இல்லைங்க. ஃபவுண்டரியில. இரும்பு ஊத்தறது. கீழ ஆளுங்க நிப்பாங்க.”

“அருள்ஜோசப், முதல்ல அதுல இருந்து இறங்குங்க. மருந்து அப்புறம் பாத்துக்கலாம்.”

“மாத்திரை போடாம ஏற முடியலைங்க மேடம். போட்டா ஏறக் கூடாதுங்கறீங்க.”

“ஆமா” என்றார் டாக்டரம்மா. “கொஞ்ச நாளைக்கு அப்படித்தான். எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கும்னு முன்னாடியே பாத்துச் சொல்ற டெஸ்ட்டு எங்கிட்ட இல்லைங்க. ஒண்ணொண்ணா போட்டுத்தான் பாக்கணும். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, எங்கிட்ட வந்து திட்டுங்க.”

கம்பெனியில் ஷிஃப்ட் இன்ஜினியரிடம் தலைசுற்றல் என்றார். காதுக்குள் ஏதோ கோளாறு, உயரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். காதுக் கோளாறை யாரும் தப்பாக நினைப்பதில்லை. இன்ஜினியர் அனுதாபப்பட்டு அவரை பேட்டர்ன் ஸ்டோருக்கு மாற்றினார். அச்சு எடுப்பதற்கான மர மாதிரிகளை அடுக்கி வைத்திருக்கும் கொட்டகை அது. கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்தால் துடைத்து வைக்க வேண்டும். சில நாள் மதியம் வரை ஒருவரும் வர மாட்டார்கள். கேபினிலும் தனியாகத்தான் இருந்தார். ஆனால் அங்கே கீழே ஒருவர் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கே அப்படி யாரும் இல்லை. கிரேன் நகரும்போது அடிக்கும் மணி, தகரச் சுவரைத் தாண்டிக் கேட்கும். ஒடிசாக்காரர் ஒருவர் ஓட்டுகிறார் என்று கேள்வி. நன்றாக ஓட்டுகிறாராம்.

மூன்றாவது மாத்திரையைக் கால் பங்கிலிருந்து தொடங்கினார்கள். அரை, முக்கால் என்று மெதுவாக ஏற்றினார்கள். அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது.

ஜாஸ்லின் பர்கூரிலிருந்து போன் செய்தாள். உடம்பு சரியில்லை, மாத்திரை போடுகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். “கிறிஸ்மஸுக்காவது வாண்ணா. போன வருஷமும் வரல. இப்படியே ஒண்டியா இருந்துக்கினு இருந்தா உடம்புக்கு வராம என்ன செய்யும்? காலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?”

“வரேன் புள்ள.”

“மாத்திரைய ரொம்ப போடாதண்ணா. பழகிப்போயிரும்னு சொல்றாங்க. இங்க வா, சாமியாருகிட்ட மந்திரிச்சிக்கலாம்.”

பாகலூர் ரோட்டு பேக்கரியில் பிளம் கேக் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பண்டிகைக் கூட்டம். நிற்கத்தான் இடம் கிடைத்தது. குளிருக்கு ஜன்னலையெல்லாம் மூடியிருந்தார்கள். சூளகிரி நெருங்கும்போது அது வந்துவிட்டது. டிரைவர் நிறுத்துவதற்குள் படியில் நின்றார், நின்றதும் இறங்கிவிட்டார். டிக்கெட் பர்கூருக்கு எடுத்திருந்தது.

சூளகிரி பஸ் நிறுத்தத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கேக் பெட்டியோடு, அடுத்தடுத்து வந்த பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஏறத்தான் நினைத்தார். வெயில் ஏறியதும் தங்கைக்குப் போன் செய்து, திடீரென்று டூட்டி போட்டுவிட்டார்கள் என்றார்.

“பண்டிகை அன்னிக்கா?”

“அர்ஜென்ட் ஆர்டராம் புள்ள.”

மறுபக்கம், அவளுக்குப் பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது. “சரிண்ணா” என்று வைத்துவிட்டாள். ஓசூருக்குத் திரும்பி வந்த பிறகு, அந்தக் கேக்கை நாலைந்து நாள் டீக்குத் தொட்டுக்கொண்டு தின்றார்.

மூன்றாவது மாத்திரை கேட்க ஆரம்பித்தது எந்த நாள் என்று அவரால் சொல்ல முடியாது. பொங்கல் கழிந்து, ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோதுதான் கவனித்தார். முன்னால் நின்ற அம்மா தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவரும் பதில் பேசிக்கொண்டிருந்தார். முழு வரிசையும் கரைந்து தன் முறை வந்த பிறகுதான், இவ்வளவு நேரம் நாடி பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அரிசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், அந்தச் செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். யாரிடம் சொல்வது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அறைக்கு நடந்தார்.

முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. அந்த மாத்திரைக்கும் அதன் வேலைகள் இருந்தன. வேர்த்துக் கொட்டியது, ஓசூர் மாசிக் குளிரிலும் சட்டை நனைந்தது. வாய் உலர்ந்தது. அழுகை வருவது நின்றுபோனது, வர வேண்டிய இடத்திலும். ஒரு முறை மருந்துக் கடையில் சரக்கு இல்லாமல் இரண்டு நாள் விட்டுப்போனதில், தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே மின்சாரம் தொட்டது போல வெட்டியது. அட்டையின் நிறம் மாறி வேறு கம்பெனிப் பெயரில் வந்தபோது, இது அதே மருந்துதானா என்று கடைக்காரரிடம் அவர் மூன்று தடவை கேட்டார். கடைக்காரர் மூன்றாம் தடவை முறைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை திம்மராயன் அறைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கையில் பை நிறைய அவரைக்காய்.

“நம்ம தோட்டத்துக் காய்ணா. கடைசிப் பறிப்பு.” கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “மாலூர்ல ஒருத்தர் இருக்காருண்ணா. தலைசுத்தலுக்கு மூக்குல சொட்டு விடுவாரு. எங்க மாமியாருக்கு ரெண்டே தடவையில நின்னுபோச்சு. புதன்கிழமைக்கு நான் லீவு எழுதிக் குடுத்துட்டேன். வண்டியில கூட்டிக்கினு போறேன், வா.”

“வேணாம் திம்மராயா.”

“நீ மேல இல்லாம எனக்கு ஒத்துவரலண்ணா. அந்த ஆளு நல்லாத்தான் ஓட்டறான். ஆனா என் கையத்தான் பாக்கறான், என் மூஞ்சியப் பாக்கறதில்ல.”

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிற ஆளிடம் மேலும் ஒரு பொய்யைச் சொல்ல அருள்ஜோசப்புக்கு வாய் வரவில்லை. தலைசுற்றல் இல்லை என்றார். சலூனிலிருந்து தொடங்கிச் சொன்னார். டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் கோர்வையாக வந்தது. திம்மராயன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பாவம்ணா நீ, என்று நடுவில் ஒரு தடவை சொன்னார். இரண்டாவது மாத்திரைக்கு வந்தபோது அவர் தலையாட்டுவது நின்றது.

“அதப் போட்டுக்கினுதான் மேல ஏறினியா?”

“ஆமா.”

“அந்தப் பெட்டி… என் கால் மேல வந்துச்சே. அன்னிக்கு?”

“அன்னிக்கும்தான். ஓட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் திம்மராயா. தெரிஞ்சுதான் ஏறினேன்.”

திம்மராயன் தன் கால்களைப் பார்த்தார். அருள்ஜோசப்பும் பார்த்தார். வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

“எனக்கு ரெண்டு பொண்ணுங்கண்ணா” என்றார் திம்மராயன்.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அவரைக்காயை எடுத்துப் போகவில்லை. அருள்ஜோசப் அதை உரிக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் வைத்திருந்து, பிறகு வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்புவார் என்று காத்திருந்தார். அந்த வாரமும் அடுத்த வாரமும் யாரும் கூப்பிடவில்லை. திம்மராயன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் கேன்டீனில் வேறு மேசையில் உட்கார ஆரம்பித்தார். ஸ்டோரிலிருந்து மர மாதிரி வேண்டுமென்றால் வேறு ஆளை அனுப்பினார். அதைத் தப்பென்று அருள்ஜோசப்பால் சொல்ல முடியவில்லை.

பயம் பழைய வேகத்தில் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. துக்கம் மட்டும்தான் இருந்தது, அது துக்கமாகவே இருந்தது. நெஞ்சை அடைக்கவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, “அப்ப மருந்து வேலை செய்யுது” என்றார். “வேர்க்கறது ரொம்பக் கஷ்டமா இருந்தா மாத்திப் பாக்கலாம். நாலாவதா ஒண்ணு இருக்குது.”

“வேணாங்க மேடம். இதே இருக்கட்டும். வேர்வையத் துடைச்சிக்கலாம்.”

“மறுபடி கிரேன் ஏறணும்னா சொல்லுங்க. ஆறு மாசம் இப்படியே நல்லா இருந்தா, கம்பெனி டாக்டருக்கு எழுதித் தரேன்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு பர்கூர் போனார். சூளகிரியில் இறங்கி ஒரு டீ குடித்தார். கிருஷ்ணகிரியில் இறங்கி மாறினார். மூன்று டிக்கெட். ஜாஸ்லின் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்து என்னண்ணா இது என்றாள். மாத்திரை என்றார். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். சாமியாரிடம் அழைத்துப் போகவில்லை. மருமக்கள் மொபைலில் மூழ்கியிருந்தார்கள். மாலையே திரும்பிவிட்டார்.

வைகாசியில் ஒரு நாள், ஸ்டோரில் ஒரு மர மாதிரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. திம்மராயன். அனுப்ப ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வேண்டிய மாதிரியின் எண்ணைச் சொன்னார். அருள்ஜோசப் மேல் தட்டிலிருந்து எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார்.

“ஜாஸ்தி வேர்க்குது உனக்கு” என்றார் திம்மராயன்.

“மாத்திரை.”

“ம்.” வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். “ஒரு ஃபேன் கேட்டு வாங்கலாமில்ல?”

“கேட்டிருக்கேன்.”

“யூனியன்ல நான் சொல்லிப் பாக்கறேன்.”

போய்விட்டார். ஃபேன் அந்த மாதம் வரவில்லை. திம்மராயனும் அதற்குப் பிறகு வரவில்லை. அருள்ஜோசப் தினமும் காலை, இட்லி தின்று முடித்ததும், மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.